வாட்டர்கலர் பழக எது நல்ல வழி: வகுப்பா, யூடியூபா, ஆன்லைன் கோர்ஸா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமா?

பெருந்துறையிலிருந்து ஒரு அக்கா போன மாதம் போன் செய்தார். "தம்பி, எனக்கு அம்பத்திமூணு ஆச்சுங்க. பையன் பெங்களூருல வேலைக்குப் போயிட்டான். சின்ன வயசுல இருந்து கலர் பண்ணக் கத்துக்கோணும்னு ஆசை. கிளாஸுக்குப் போறதா, யூடியூப் பாத்தே பழகிக்கிறதா? எது நல்லதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

அதே வாரத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பியும், தாராபுரத்துப் பக்கம் பள்ளியில் பாடம் எடுக்கும் ஒரு டீச்சரும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார்கள். கேள்வி ஒன்று. ஆனால் மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறு என்று போனில் விளக்க முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன். நாற்பது வயதில் பிரஷ் பிடித்தேன், ஆறு வருஷம் ஆகிறது. கீழே சொல்லப்போகும் நான்கு வழியிலும் நடந்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் பணம் போனது, சிலவற்றில் மாதங்கள் போயின.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். தாளில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அந்த வழி கற்றுத்தருமா? நம் தப்பை யார் பார்ப்பார்? கட்டணத்துக்கு வெளியே என்ன செலவாகும்? ஷிப்ட், பஸ், வீட்டு வேலை எல்லாம் போக மிஞ்சும் நேரத்துக்குள் அது அடங்குமா?

இதில் முதலாவதுதான் பெரியது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாட்டர்கலர் என்பது நிறப்பொடியைப் பிசினில் குழைத்தது, அவ்வளவுதான். அரபிப் பிசின் என்பார்கள்; நம் கருவேல மரத்தில் வடிகிற பிசினுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தண்ணீர் பட்டால் கரையும், தண்ணீர் போனால் நிறத்தைத் தாளோடு ஒட்டி வைத்துவிடும். ஆக, தண்ணீர் தாளில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் நம் வேலை முழுவதும் நடக்கிறது. பென்சிலில் கை தேர்ந்தவர்கள்கூட வாட்டர்கலரில் தடுமாறுவது இதனால்தான். அவர்களுக்கு உருவம் வரும், ஆனால் நேரம் பிடிபடாது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வானத்துக்கு நீலம் இழுத்துவிட்டு, அடியில் மேகம் வைக்கப் பிரஷைக் கொண்டுபோனேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "பொறுங்க. தாளைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க." பார்த்தேன். தாளின் மேல் பாதி மங்கிக் கிடந்தது. நடுவில் பட்டுச் சேலையில் வெளிச்சம் பட்டதுபோல ஒரு மெல்லிய மினுக்கம். அடியில் மட்டும் தண்ணீர் குளம்போலப் பளபளத்தது. "குளமா இருக்கிற இடத்துல நிறம் வெச்சா ஓடிப்போயிரும். பட்டா இருக்கிற இடத்துல கெட்டியா வெச்சா ஓரம் மென்மையா நிக்கும், தண்ணியா வெச்சா கெட்டுது. மங்கிப்போன இடத்தைத் தொடவே வேண்டாம், முழுசாக் காயட்டும்." நான் ஆர்வத்தில் அந்தப் பட்டு மினுக்கத்தில் தண்ணீர்ப் பிரஷை வைத்தேன். இரண்டு நிமிடத்தில் காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு கறை விரிந்தது. பாதி காய்ந்த இடத்தில் புதுத் தண்ணீர் இறங்கினால், அங்கே இருந்த நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். அந்தக் கறைக்குக் காரணம் அதுதான்.

குளம், பட்டு, மங்கல். இந்த மூன்றையும் கண்ணால் பிரிக்கத் தெரிந்துவிட்டால் வாட்டர்கலரில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிக்கும் வயது முழுக்க வேலை இருக்கிறது, அது வேறு.

இந்த நேரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதைப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் வீசுகிற காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். சித்திரையில் என் வீட்டு மாடி அறையில், ஃபேனுக்குக் கீழே போட்ட வாஷ் (தண்ணீராகக் கரைத்துப் பரவலாகப் பூசும் நிறம்) ஒன்றரை நிமிடத்தில் மினுக்கத்தை இழந்துவிடும். அதே தாள், அதே பிரஷ், ஊட்டியில் ஒரு மழை நாளில் கால் மணி நேரம் ஆகியும் காயவில்லை. இங்கிலாந்திலோ கேரளாவிலோ உட்கார்ந்து ஒருவர் செய்து காட்டுவதை நாம் இங்கே அப்படியே செய்யும்போது ஏன் வரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கை இல்லை, காற்று.

## எந்த வழிக்கும் பொதுவான செலவு: தாள்

வழிகளுக்குள் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையில் 2,000 ரூபாய் இருந்தால் 1,500 ரூபாயைக் கலர் பெட்டியில் போட்டு, 100 ரூபாய்க்குத் தாள் வாங்குகிறார்கள். நானும் 24 நிறப் பெட்டிதான் முதலில் வாங்கினேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

எழுதுகிற தாள் 70, 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம். தண்ணீர் பட்டவுடன் சுருங்கி அலை அலையாகிவிடும். புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிறார்கள். எழுதவும் அச்சடிக்கவும் நல்ல காகிதம். வாட்டர்கலருக்கு வேண்டியது நீரைத் தாங்கிப் பிடித்து வைக்கிற தாள். குறைந்தது 300 ஜிஎஸ்எம். சில அட்டைகளில் 140 பவுண்டு என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். அதிலும் மரக்கூழ்த் தாள், பருத்தித் தாள் என்று இரண்டு உண்டு. மரக்கூழ்த் தாளில் நீர் மேலாகவே நின்று திட்டுத்திட்டாகக் காயும். பருத்தித் தாள் நீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் ஒரே சீராக, மெதுவாகக் காயும். நம் ஊர்க் காற்றில் ஒன்றரை நிமிடம் கிடைப்பது, பருத்தித் தாளில் மூன்று நிமிடமாகிறது. பழகுகிறவருக்கு அந்த ஒன்றரை நிமிடம் பெரிய வரம்.

இறக்குமதியாகும் பருத்தித் தாள் முழுத் தாள் ஒன்றே பல நூறு ரூபாய். பயந்து பத்திரமாக வைத்துவிடாதீர்கள். முழுத் தாள் 22க்கு 30 அங்குலம். எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7.5க்கு 11 அங்குலம், ஒரு நோட்டளவுக்கு வரும். இரண்டு பக்கமும் பயன்படுத்தினால் ஒரு தாளில் 16 பயிற்சி. இந்தியாவிலேயே பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைக்காகிதமும் கிடைக்கிறது, விலை குறைவு. பனியன் கட்டிங் வேஸ்டைத் தினமும் பார்க்கிற நமக்கு அது எதிலிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. வாங்கும்போது ஒரு தாள் மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு மேலே போங்கள். பசை சரியாக ஏற்றாத தாள் மை ஒற்றும் காகிதம் மாதிரி உறிஞ்சிவிடும்.

நிறம் நான்கு போதும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. முதல் இரண்டையும் கலந்தால் வருகிற சாம்பல் நிறம் ஒன்றுக்காகவே வாட்டர்கலர் பழகலாம். காங்கேயம் காளையின் திமில் கறுப்பு, பனை மரத்தின் தண்டு, மழைக்கு முந்தைய வானம், மூன்றும் அதற்குள் இருக்கின்றன. சிவப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பி.ஆர். 83 என்ற நிறப்பொடி எண் டியூபில் போட்டிருக்கும் அலிசரின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். படத்தைச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் அதைத் தவிர்த்து வேறு சிவப்பு வாங்குங்கள். பிரஷ் ஒன்று, எட்டாம் நம்பரோ பத்தாம் நம்பரோ உருண்டை, சிந்தெட்டிக்கே போதும். துடைக்கப் பனியன் வேஸ்ட் துணி. தண்ணீருக்கு இரண்டு டம்ளர், ஒன்று கழுவ, ஒன்று நல்ல தண்ணீராக எடுக்க.

சரி, இனி வழிகள்.

## நேரடி வகுப்பு

நான் விசாரித்த இடங்களில் மாதக் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. வாரம் ஒன்று அல்லது இரண்டு நாள். கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் போன்ற ஊர்களில் தேடினால் கிடைக்கும். அதற்கு அப்பால் கஷ்டம்.

இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் வேறு எந்த வழியிலும் கிடைக்காதது. ஆசிரியர் நிற்கிற அதே காற்றில் உங்கள் தாளும் காய்கிறது. "இப்ப வையுங்க", "இப்ப வேண்டாம்" என்று அந்த நொடியில் சொல்ல முடியும்.

எல்லா வகுப்பும் அப்படி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நான் முதலில் சேர்ந்த இடத்தில் நான்கு மாதம் காலண்டர் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பனிமலை, பைன் மரம், மரவீடு. எனக்குப் பனிமலையும் தெரியாது, பைன் மரமும் தெரியாது. ஆசிரியர் கடைசியில் வந்து, காய்ந்த படத்தில் தன் பிரஷால் நாலு இடத்தில் தொட்டு அழகாக்கிக் கொடுப்பார். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது என் படமில்லை. அந்த நான்கு மாதமும் ஈரம் என்ற சொல்லே என் காதில் விழவில்லை.

அதனால் பணம் கட்டும் முன் "ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டுங்களா?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார். உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள். சுவரில் இருக்கும் மாணவர் படங்கள் எல்லாம் ஒரே ஆள் வரைந்தது மாதிரி இருக்கிறதா? ஆசிரியர் எல்லோர் முன்னாலும் வெள்ளைத் தாளில் தொடங்கி முடிவுவரை வரைந்து காட்டுகிறாரா? மாணவர்கள் வாஷ் போடும் நேரத்தில் அவர் நடுவில் சுற்றிவருகிறாரா, காய்ந்த பிறகுதான் வருகிறாரா? மூன்றாவது கேள்விக்கான பதிலை வைத்தே முடிவெடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகள்: பஸ், வகுப்பு தரும் பொருள் பட்டியல் (அதில் பாதி தேவைப்படாது, முதல் மாதம் உங்களிடம் இருப்பதை வைத்து ஓட்டட்டுமா என்று கேளுங்கள்), அப்புறம் முகூர்த்த மாதங்கள். நம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாணம், காதுகுத்து, சீர் என்று ஏதாவது இருக்கும். மாதத்தில் நான்கு வகுப்புக்குப் பணம் கட்டி இரண்டுக்குத்தான் போக முடிகிறது. ஞாயிறு வகுப்பைவிடச் சனிக்கிழமை சாயங்கால வகுப்பு இந்த விஷயத்தில் மேல்.

இன்னொன்று. சில இடங்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வான லோயர், ஹையருக்குத் தயார் செய்யும் வகுப்புகள். ஓவிய ஆசிரியர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படுகிறவர்களுக்கு அது சரியான இடம். கலரில் ஆசை வைத்துப் போகிறவர்களுக்கு முதல் பல மாதம் பென்சில் கோட்டிலேயே போகும். சேரும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். குழந்தைக்காக விசாரிப்பவர்கள் ஜவகர் சிறுவர் மன்றத்தை முதலில் பாருங்கள். 5 முதல் 16 வயதுவரை சேர்க்கிறார்கள், அரசு நடத்துவது, கட்டணம் மிகக் குறைவு.

## யூடியூப்

பணம் இல்லை, பஸ் இல்லை, இரவு பதினொரு மணிக்கும் ஆசிரியர் தயார். உலகத்தின் சிறந்த கைகள் எப்படி நகர்கின்றன என்று நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறோம். முப்பது வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் கலர் பழக ஆசைப்பட்ட ஒருவருக்கு இது கனவில்கூடக் கிடைத்திருக்காது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் வீடியோவில் ஒரு வெட்டு இருக்கும். வானம் போட்டதும் காட்சி மாறி, அடுத்த நொடியில் தாள் காய்ந்திருக்கும். அந்த வெட்டுக்குள்தான் நாம் கற்க வேண்டியது போய்விட்டது. அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், ஹேர் டிரையர் பிடித்தாரா, அவர் தாள் பருத்தியா, எதுவும் நமக்குத் தெரியாது. நம் தாளும் அவருக்குத் தெரியாது.

இதை ஓரளவு ஈடுகட்ட ஒரு பயிற்சி இருக்கிறது. யூடியூபில் பழகப் போகிறவர்கள் முதல் வாரம் இதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்வேன். ஒரு தாளில் விரல் நீளத்துக்கு எட்டுப் பட்டைகளைப் பென்சிலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வெளிர் நீலத்தில் நனைத்துவிட்டுப் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். முதல் பட்டையில் உடனே ஒரு சொட்டு பர்ன்ட் சியன்னா வையுங்கள். அரை நிமிடம் கழித்து இரண்டாவதில். இன்னொரு அரை நிமிடம் கழித்து மூன்றாவதில். இப்படியே எட்டாவதுவரை. வைக்கும்போது தாளைச் சாய்த்து மினுக்கத்தைப் பார்த்து, அடியில் குளம், பட்டு, மங்கல் என்று எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு எந்தப் பட்டையில் சொட்டு சிதறி ஓடியது, எதில் மென்மையாக நின்றது, எதில் காலிஃபிளவர் வந்தது, எதில் வெட்டிய மாதிரி ஓரம் வந்தது என்று தெரியும். அதுதான் உங்கள் வீட்டின், உங்கள் தாளின், அந்த மாதத்தின் கடிகாரம். ஃபேனை நிறுத்திவிட்டு இன்னொரு முறை செய்து பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அறையும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே ரூபாயாகவும் வரும், நேரமாகவும் வரும். ஒவ்வொரு வீடியோவும் ஒரு புது நிறத்தையும் ஒரு புது பிரஷையும் காட்டும். இரண்டு மாதத்தில் என் மேஜையில் இருந்த டியூப்களைக் கூட்டிப் பார்த்தால் அது மூன்று மாத வகுப்புக் கட்டணம். நேரம் அதைவிட மோசம். வரைந்த மாதிரி ஒரு திருப்தியைப் பார்ப்பதே தந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரம் வரைய வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்த பிறகுதான் கை நகர்ந்தது. அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒரே ஆளைப் பின்பற்றுங்கள். பத்துப் பேரைப் பார்த்தால் பத்துப் பேரும் சரி, ஆனால் நமக்கு எதுவும் நிலைக்காது.

## பணம் கட்டும் ஆன்லைன் கோர்ஸ்

இதில் இரண்டு ரகம். முன்பே பதிவு செய்த பாடங்கள் யூடியூபை ஒழுங்குபடுத்தியது போலத்தான். வரிசை இருக்கும், விளம்பரம் இருக்காது. அதற்காக மட்டும் ஆயிரக்கணக்கில் கொடுப்பது தொடக்கத்தில் தேவையில்லை என்பது என் கருத்து. நேரலையில் சொல்லிக்கொடுத்து, நம் படத்தை வாங்கிப் பார்த்துக் குறை சொல்லும் ரகம் வேறு. அது மதிப்புள்ளது, ஆனால் ஆறு மாதம் பழகிய பிறகு. அதற்கு முன் ஆசிரியர் சொல்கிற குறை நமக்குப் புரியாது. போன் கேமராவில் எடுத்த படத்தில் ஈரமும் தெரியாது, நிறமும் சரியாக விழாது.

வருடச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பொருள் பட்டியலில் இறக்குமதிப் பெயர்கள் மட்டுமே இருந்தால், உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

## ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

நாலைந்து பேர் சேர்ந்து, பெட்டியும் பரீட்சை அட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் வரைவது. கட்டணம் கிடையாது. பெட்ரோலும் டீயும்தான். பெரும்பாலும் ஆசிரியரும் கிடையாது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதே இடத்தை, அதே வெயிலில், அதே காற்றில் வரைகிறார். முடிந்ததும் எல்லாப் படத்தையும் தரையில் பரப்பி வைத்துப் பார்க்கும்போது ஒன்று புரியும்: நான் பச்சையாகப் பார்த்த தென்னந்தோப்பை அவர் நீலமும் மஞ்சளுமாகப் பார்த்திருக்கிறார். இந்த அரை மணி நேரம் எனக்கு ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

வெளியே வரைவதில் நமக்கு ஒரு சொந்த வழியும் இருக்கிறது. கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்த ஓவியர் சில்பி நாமக்கல்காரர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையும் ஓவியர்தான். நாம் உட்கார இடத்துக்கா பஞ்சம்? பவானி கூடுதுறைப் படிக்கட்டு, கொடிவேரி, பேரூர், பொள்ளாச்சித் தோப்புகள், சென்னிமலை அடிவாரம்.

என்னைக் கேட்டால் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது மாடு மேய்கிற வேலி போட்ட புல்வெளியைத்தான் முதலில் சொல்வேன். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், நிழலில் நாலு மாடு. வரைய வேண்டிய பொருள் கொஞ்சம்தான்; மீதியெல்லாம் வானமும் தரையும். தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது. கோபுரத்தில் தொடங்கினால் பொம்மைகளை எண்ணுவதிலேயே தாள் காய்ந்துவிடும்.

கஷ்டங்களும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தாள் எம்மாத்திரம். நாலு மூலையிலும் கிளிப் போடுங்கள், தண்ணீர் டம்ளரை அட்டையில் வைக்காமல் தரையில் வையுங்கள். வெயில் நேராகத் தாளில் விழக் கூடாது. கண் கூசும், நிறத்தின் அடர்த்தியைச் சரியாகக் கணிக்க முடியாது. காய்ந்தால் எப்படியும் ஒரு படி வெளிறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடுவார்கள், "என்னுங்க, சர்வேயா?" என்று கேட்பார்கள். அவர்களிடம் நின்று பதில் சொல்லும்போது வாஷ் காய்ந்துவிடும். பெண்கள் தனியாக உட்கார்ந்து வரைவதை நம் ஊர்ப்பக்கம் இன்னும் உற்றுத்தான் பார்க்கிறார்கள். கூட்டமாகப் போவதற்கு அதுவே ஒரு காரணம்.

ஒரு குறை, கூட்டத்தில் நல்ல மனசுக்காரர்கள் அதிகம். "சூப்பருங்க" என்பார்கள். தப்பைச் சொல்லமாட்டார்கள். "எந்த இடம் சரியில்லை?" என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | நேரடி வகுப்பு | யூடியூப் | கட்டண ஆன்லைன் கோர்ஸ் | ஞாயிறு கூட்டம் |
|---|---|---|---|---|
| ஈரம் பார்க்கக் கற்பது | நல்ல ஆசிரியர் என்றால் இதுதான் முதல் | பட்டைச் சோதனை செய்தால் ஓரளவு | கடினம் | அனுபவத்தில் வரும், மெதுவாக |
| தப்பைப் பார்ப்பவர் | ஆசிரியர், அந்த நொடியில் | யாருமில்லை | நேரலை ரகத்தில் உண்டு, தாமதமாக | கேட்டால் நண்பர்கள் |
| மறைந்த செலவு | பஸ், பொருள் பட்டியல், தவறும் நாட்கள் | தேவையற்ற டியூப்கள், பார்த்தே கழியும் நேரம் | சந்தா, இறக்குமதிப் பொருள் | பெட்ரோல், வெயில், காற்று |
| எப்போது தொடங்கலாம் | முதல் நாளே | முதல் நாளே, ஒரே ஆசிரியரோடு | ஆறு மாதம் கழித்து | இரண்டாம் மாதம் முதல் |

## யாருக்கு எது

பெருந்துறை அக்காவுக்கு நான் வகுப்பைத்தான் சொன்னேன். பகலில் நேரம் இருக்கிறது, ஈரோடு பஸ் தூரத்தில் இருக்கிறது, அதைவிட முக்கியம், பக்கத்தில் ஒருவர் நின்று "தைரியமா வையுங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் மூன்று மாதம் மட்டும். ஈரம் பார்க்கத் தெரிந்ததும் வகுப்பை விட்டுவிட்டு அந்தக் கட்டணத்தைப் பருத்தித் தாளாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். வகுப்பிலேயே வருஷக்கணக்கில் இருப்பவர்கள் ஆசிரியரின் மரத்தையும் ஆசிரியரின் மேகத்தையும் போடப் பழகிவிடுகிறார்கள்.

திருப்பூர்த் தம்பிக்கு ஷிப்மென்ட் நேரத்தில் வீடு திரும்ப ராத்திரி பத்து மணி. அவனுக்கு வகுப்பு ஒத்துவராது. கட்டிவிட்டுப் போகாமல் மனசு வெறுத்துப்போகும். ஏற்கெனவே ஸ்கெட்ச் நன்றாக வரும் கை அது. யூடியூபில் ஒரே ஆசிரியர், வாரத்தில் மூன்று ராத்திரி அரை மணி நேரம், மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே. கோவைக்கு வேலையாக வரும்போது அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில் கண்காட்சி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கச் சொன்னேன். அசல் வாட்டர்கலரை ஒரு சாண் தூரத்தில் நின்று பார்ப்பது வேறு. தாளின் வெள்ளையை எங்கே விட்டிருக்கிறார்கள், எந்த ஓரம் கரைந்திருக்கிறது, எது வெட்டி நிற்கிறது என்று திரையில் தெரியாததெல்லாம் தெரியும். கோவையைச் சேர்ந்த ராஜ்குமார் ஸ்தபதி வாட்டர்கலரில் மனிதர்களை வரைகிறவர். அவருடைய படம் எங்காவது காட்சிக்கு வந்தால் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.

தாராபுரம் டீச்சருக்குப் பக்கத்தில் வகுப்பும் இல்லை, இரவில் கண் வலி. ஆனால் அவர் பள்ளியிலேயே டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னார். "டீச்சர், அவர்கிட்டப் போய் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம், வாரம் ரெண்டு நாள், நான் வாஷ் போடும்போது பக்கத்துல நில்லுங்கன்னு கேளுங்க" என்றேன். இப்படி வகுப்பு என்று பெயர் இல்லாமல் ஒரு ஆள் நமக்குப் பக்கத்திலேயே பல ஊர்களில் இருக்கிறார். பேனர் எழுதியவர், கோயிலுக்கு வண்ணம் தீட்டுபவர், ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கையெழுத்து போர்டு வேலை குறைந்து, கற்றுத்தர நேரமும் விருப்பமும் உள்ள கைகள் அவை. கேட்காமல் விட்டுவிடுகிறோம். கேட்டால், சும்மா கற்றுக்கொள்ளாமல் ஒரு தொகையைப் பேசிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த வழி என்றாலும் தொடங்குகிற மாதத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். சித்திரையிலும் ஆடியிலும் தாள் நம்மைத் துரத்தும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் காற்றில் ஈரம் இருக்கும். போட்ட வாஷ் நிதானமாகக் காய்ந்து, யோசிக்க நேரம் கொடுக்கும். பெருந்துறை அக்கா ஐப்பசி பிறந்ததும் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை சும்மா இருக்க மனசில்லை என்றார். முழுத் தாள் ஒன்று வாங்கி எட்டாகப் பிரித்து வைக்கச் சொன்னேன். கத்தரி வேண்டாம். மடித்து, மடிப்பை நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்து, திருப்பி மடித்து இன்னொருமுறை தேய்த்து, மேஜை விளிம்பில் ஸ்கேலை வைத்து மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும், ஓரம் கைக்காகிதம் மாதிரி பிசிறோடு இருக்கும். நேற்றுக் காலையில் போட்டோ அனுப்பியிருந்தார். எட்டுத் துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே ஒரு டம்ளர் தண்ணீர்.